வாசலை அடைத்த படகு

கேட்டின் மேல் கொக்கி கழன்றுவிட்டது. கீழ்க் கொக்கி வருவேனா என்று அடம்பிடித்தது. மாரிசெல்வி தரையில் உட்கார்ந்து அதைச் செங்கல்லால் அடித்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் இன்ஜினை அணைக்காமல் ஆம்புலன்ஸ் நின்றது. உள்ளே அவள் புருஷன் ரகு, கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருந்தான்.

"அக்கா, எனக்கு அடுத்த கேஸ் வந்துட்ச்சு. பாடிய எங்க எறக்கறதுன்னு யாராச்சும் ஒருத்தர் சொல்லுங்க," என்றான் டிரைவர்.

"இங்கதான்," என்றாள் திரும்பாமல்.

"இங்கன்னா எங்க?"

நியாயமான கேள்விதான். கேட்டுக்கு அந்தப் பக்கம் நிற்க இடம் கிடையாது. வாசல் முழுவதையும் ஒரு பாய்மரப் படகு அடைத்துக்கொண்டிருந்தது. அதன் மூக்கு கேட்டைத் தொட்டது, பின்பக்கம் வீட்டுப் படியைத் தொட்டது. படகுக்கும் மதிலுக்கும் நடுவே ஒருவர் ஒருக்களித்துப் போகலாம். காலையில், உயிர் இருக்கிறது என்ற நம்பிக்கையில், ரகுவின் கூட்டாளி நம்பிராஜன் அவனைத் தோளில் போட்டு அந்தச் சந்து வழியாகத்தான் கொண்டுவந்து ஆட்டோவில் ஏற்றினான். ஆஸ்பத்திரியில் டாக்டர் "கொண்டுவரும்போதே..." என்று ஆரம்பித்து மீதியைச் சொல்லாமல் விட்டார். உயிருள்ளவனை எப்படி வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு ஓடலாம். போனவனைப் படுக்க வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். ஸ்ட்ரெச்சர் அந்தச் சந்தில் நுழையாது.

எதிர்வீட்டு ஷேடின் கீழே ரகுவின் அண்ணன் முனிரத்தினம் நின்றிருந்தார். அழுது முகம் வீங்கியிருந்தது, ஆனாலும் குரலில் அதிகாரம் குறையவில்லை.

"இன்னாத்துக்குப்பா நின்னுகினு கீற? நாலு வூடு தள்ளி நம்ம வூடு கீது. வாசல்ல பந்தல் போட்டாச்சு, ஐஸ் பெட்டி வந்தாச்சு. வண்டிய ரிவர்ஸ் எடு," என்றார் டிரைவரிடம்.

மாரிசெல்வி செங்கல்லோடு எழுந்தாள். "வண்டி நகரக் கூடாது. அவர் கட்டுன வீடு இது. இங்கருந்துதான் போவாரு."

முனிரத்தினம் அவள் பக்கம் பார்க்கவில்லை. டிரைவரிடமே சொன்னார்: "அந்தப் பொண்ணுக்குப் புரியல. உள்ள நாய் படுக்கறதுக்கே எடமில்ல. பொணத்த எங்க வெப்பாங்க? படகு மேலயா? எங்கப்பன் போன வாசல், எங்கம்மா போன வாசல். என் தம்பியும் அங்கருந்துதான் போணும்."

அவர் அவளிடம் நேராகப் பேசுவதில்லை. கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான். சுங்குவார்சத்திரத்தில் செல்போன் கம்பெனிக்கு வேலைக்கு வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த சங்கரன்கோவில் பெண்ணைத் தம்பி கூட்டிக்கொண்டு வந்து நின்றபோது, அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்தான். தெற்கத்தி ஆட்கள் என்றால் அவருக்கு ஆகாது என்று சொல்லிவிட முடியாது. வீட்டுக்குப் பின்னால் வரிசையாக ரூம் கட்டி அவர்களுக்குத்தான் வாடகைக்கு விட்டிருந்தார். ரூமில் இருக்கலாம், குடும்பத்துக்குள் வரக்கூடாது, அவ்வளவுதான் அவர் கணக்கு. இந்த வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு கேட் வரைக்கும் வந்தார். வலது தூணில் ரகு பதித்திருந்த கருங்கல்லில் 'மாரிசெல்வி இல்லம்' என்று இருந்ததைப் படித்தார். "முறையா கூப்ட்டா வரேன்" என்று யாரிடமோ சொல்லிவிட்டு அப்படியே திரும்பிப் போனார். அதற்கப்புறம் தம்பியோடு டீக்கடையில் மணிக்கணக்காகப் பேசுவார், இந்த வாசலில் கால் வைத்ததில்லை.

இன்று ரகு அண்ணன் வீட்டிலிருந்து போனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். காரியம் முடிகிறவரை அவளும் மகள் கங்காவும் அந்த வீட்டு மூலையில் உட்கார வேண்டும். அதற்கப்புறம் இந்த வீடு, இந்தக் கல்யாணம், இவ்வளவு வருஷம், எல்லாம் ரகு நடுவில் எங்கோ தொலைந்து போயிருந்த காலம் என்று ஆகிவிடும். கடைசியில் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டான் என்று ஊர் சொல்லும். அவள் மறுபடியும் ஹாஸ்டல் பெண் ஆகிவிடுவாள்.

"தம்பி, கொஞ்சம் பொறுத்துக்க. இத எடுத்துட்டா வழி வந்துரும்," என்றாள் டிரைவரிடம்.

அவன் முனிரத்தினத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், இன்ஜினை அணைத்தான்.

ரகு கடலோரத்துக்காரன் இல்லை. ஒரகடம் கூட்டுரோட்டுக்கு உள்ளே இருக்கிற இந்த ஊரில் பிறந்தவன். ஏரியைத் தவிர வேறு தண்ணீர் பார்த்ததில்லை. லாரிக் கம்பெனி ஒன்றில் வெளிநாட்டு அதிகாரிக்குக் கார் ஓட்டினான். அந்த மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமையானால் கோவளம் போய்ப் படகில் ஏறியாக வேண்டும். கரையில் சும்மா காரைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவரை ஒருநாள் கூட ஏற்றிக்கொண்டார். அதோடு தொலைந்தது. கொரோனா வருஷம் அவர் சொந்த நாட்டுக்குக் கிளம்பும்போது, வாங்க ஆள் கிடைக்காமல், படகை டிரைவரிடமே விட்டுவிட்டுப் போனார். மற்ற டிரைவர்களுக்கு அதிகாரிகள் டிவி கொடுத்தார்கள், ஃப்ரிட்ஜ் கொடுத்தார்கள், தனக்கு வாய்த்ததைப் பார் என்று மாரிசெல்வி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி அலுத்துப்போனாள்.

மழைக்காலம் முழுக்க படகு வாசலில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும். பொங்கல் கழிந்து வாடைக்காற்றின் முரட்டுத்தனம் குறைந்ததும் சீசன். ரகுவும், அதே கம்பெனியில் பெயின்ட் ஷாப்பில் இருக்கும் நம்பிராஜனும் லீவு போட்டுவிட்டு, படகைக் கோவளத்தில் இறக்கிக் கரையை ஒட்டியே தெற்கே போவார்கள். மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், மரக்காணம் என்று ராத்திரிக்கு ஒரு கரை. போன வருஷம் பரங்கிப்பேட்டை வரைக்கும் போய்விட்டு வந்தார்கள். இந்த வருஷம் காரைக்கால் என்று சொல்லிக்கொண்டிருந்தான். நம்பிராஜனும் ஒன்றும் கடல்காரன் இல்லை, சாத்தான்குளம் தேரி மணலில் வளர்ந்தவன். கோவளத்து மீனவர்கள் இந்த ஜோடியைப் பார்த்து, "டிரைவர் சார், வளைவுல ஹார்ன் அடிச்சிட்டுப் போங்க" என்று கத்துவார்களாம். அதை ரகுவே வந்து சொல்லிச் சிரிப்பான். மாரிசெல்வியும் ஒரே ஒரு தடவை ஏறிப் பார்த்தாள். ஏறின இடத்திலிருந்து இறங்கின இடம் வரைக்கும் வாந்தி எடுத்தாள். அதற்கப்புறம் கூப்பிட்டால் கும்பிடு போட்டுவிடுவாள்.

அவன் போவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். போவதற்கு முன்னால் நடக்கிற கூத்தைத்தான் அவளால் தாங்க முடியாது. உப்புத்தாளால் படகின் அடியைத் தேய்ப்பான், அந்தத் தூசி சோற்றில் விழும். லைஃப் ஜாக்கெட்டுகளைக் கொடியில் காயப்போடுவான், அவள் புடவைக்கு இடமிருக்காது. ஹாலில் படகின் பாயை விரித்து ஒவ்வொரு தையலாகத் தடவிப் பார்ப்பான், பத்தாவது படிக்கிற மகள் கங்கா அதைத் தாண்டித் தாண்டி ஸ்கூலுக்குக் கிளம்புவாள். பாய்மரத்தைப் பிடித்து நிறுத்தும் கம்பிகளைச் சோதிப்பான், விளக்குக்கு பேட்டரி மாற்றுவான், கடலோரக் காவல் ஸ்டேஷனுக்கு போன் போட்டுக் கிளம்பும் தேதியைச் சொல்வான். இன்று காலை படகுக்கு அடியில் சாக்கு விரித்து மல்லாந்து படுத்து, பாசி ஒட்டாமல் இருப்பதற்கான நீல பெயின்டை இரண்டாம் தடவை பூசிக்கொண்டிருந்தான். "முதல்ல இந்தச் சனியன வெளிய தள்ளுங்க, மனுசன் நடமாடணும்" என்று அவள் அடுக்களையிலிருந்து கத்தினாள். பதில் வரவில்லை. பதில் வராதது புதிதில்லை என்பதால், குழம்பைத் தாளித்து இறக்கிவிட்டுத்தான் எட்டிப் பார்த்தாள்.

கீழ்க் கொக்கி கடைசியில் விட்டது. கேட் சரிந்து அவள் தோளில் இடித்தது. நம்பிராஜன் ஓடிவந்து தாங்கிப் பிடித்து மதிலோரம் சாய்த்தான். அவன் காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை.

"அண்ணே, இப்பம் தள்ளிரலாம்லா?"

நம்பிராஜன் தலையைச் சொறிந்தான். "எங்கருந்து தள்ள, தங்கச்சி? டிரெய்லர்ல சக்கரம் இல்ல. ரெண்டையும் கழட்டி, பேரிங் மாத்த லேத்துல குடுத்திருக்கு. படகு கட்டை மேலதான் நிக்கி."

"லேத்துக்குப் போன் போடுங்க."

"போட்டுட்டேன். சுவிட்ச் ஆஃப். நம்ம பய சுடலைக்கண்ணு வண்டில போய்ப் பாத்துட்டு வந்துட்டான். ஷட்டர் சாத்திக் கெடக்காம்."

மாரிசெல்விக்கு ஆத்திரம் தலைக்கேறியது. ஆம்புலன்ஸைத் திரும்பிப் பார்த்தாள். சாவதற்கு ஒரு நேரம் காலம் வேண்டாமா? சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டா சாவார்கள்? பாயை ஹாலில் விரித்துப் போட்டு, பெயின்ட் டப்பாவைத் திறந்து போட்டு, எதையும் எடுத்து வைக்காமல், யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல். உயிரோடு இருந்தாலும் இதற்காக ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பாள். இப்போது யாரோடு பேசாமல் இருப்பது?

"தூக்கிருவோம்," என்றான் நம்பிராஜன். "உள்ள எல்லாத்தையும் எடுத்துட்டா எடை கொறஞ்சிரும். இருவது பேரு இருந்தாப் போதும்."

ஆட்களுக்குப் பஞ்சமில்லை. காலை ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் தெருமுனையில் நின்றது. நீலச் சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாகப் பையன்கள் இறங்கினார்கள். முனிரத்தினத்தின் ரூம்களில் இருக்கிறவர்கள்தான் பாதிப்பேர். விஷயம் தெரிந்து எல்லோரும் இங்கேதான் வந்தார்கள். நம்பிராஜன் சொன்னதும் பேக்கை மதில்மேல் வைத்துவிட்டுச் சட்டைக் கையை மடித்தார்கள்.

"எவனெவன் கை வெக்கறான்னு பாத்துக்கினுதான் கீறேன்," என்றார் முனிரத்தினம் பொதுவாக.

பையன்கள் தயங்கினார்கள். ரூம் கிடைப்பது இந்தப் பக்கம் லேசுப்பட்ட காரியமில்லை.

"அண்ணாச்சி, ரூமுக்குத்தான வாடக வாங்குதிய? தோளுக்கும் சேத்தா?" என்றான் நம்பிராஜன்.

சாவு வீடு என்றும் பாராமல் ஒருவன் களுக்கென்று சிரித்துவிட்டான். அதோடு தயக்கம் உடைந்தது. சந்துக்குள் ஒருவர் பின் ஒருவராக நுழைந்தார்கள். நங்கூரம், கயிற்றுச் சுருள்கள், தண்ணீர் கேன்கள், அடுப்பு என்று படகுக்குள் இருந்ததையெல்லாம் கைமாற்றிக் கைமாற்றி வீட்டுக்குள் கொண்டுபோனார்கள். படகின் அடியில் அகலமான பெல்ட்டுகளை நுழைத்தார்கள். பெயின்ட் இன்னும் காயவில்லை, தொட்டவன் கையெல்லாம் நீலம்.

"ஒண்ணு, ரெண்டு, ஏய்!"

படகு எழும்பியது. இடுப்பு உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு அடியடியாக நகர்ந்தார்கள். மூக்கு வாசலைத் தாண்டி வெளியே வந்தது. ஆம்புலன்ஸ் பின்னால் போய் வழி விட்டது. மாரிசெல்வி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "வாங்க, வாங்க, அப்படியே" என்று சொல்லிக்கொண்டே தெருப்பக்கம் பின்னோக்கி நடந்தாள். பாதிப் படகு வெளியே வந்திருக்கும். கர்ரென்று ஒரு சத்தம். படகு நின்றுவிட்டது.

"தள்ளுலே!"

"தள்ள முடியல அண்ணாச்சி, இடிக்கி!"

படகின் வயிறு இரண்டு தூண்களுக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருந்தது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. யாரோ ஓடிப்போய்ப் பழைய டயர்களை உருட்டிவந்து அடியில் கொடுத்தார்கள். படகை இறக்கிவிட்டு எல்லோரும் மூச்சு வாங்கினார்கள்.

"எல்லா வருசமும் இதே கேட்டுலதான போச்சு? இப்ப மட்டும் எப்படி மாட்டும்?" மாரிசெல்வி கத்தினாள்.

நம்பிராஜன் நெற்றியில் அறைந்துகொண்டான். நீலம் ஒட்டியது. "டிரெய்லர் மேல ஏத்தில்லா கொண்டுபோவோம், தங்கச்சி. உசரத்துல வயிறு தூணுக்கு மேலயே போயிரும். இப்பம் கையில தூக்கிட்டு வந்துட்டோம். தூணு இருக்கதயே நெனைக்கல பாரு. அறிவுகெட்டவன், அறிவுகெட்டவன்."

"இன்னும் ரெண்டடி மேல தூக்குங்க."

"ஏந்திப் புடிக்க முடியாது. நழுவுச்சுன்னா ஒருத்தன் கால் இருக்காது."

இப்போது முன்பைவிட மோசம். ஒருக்களித்துப் போகிற சந்தும் அடைபட்டுவிட்டது. கங்கா ஆம்புலன்ஸ் படியில் உட்கார்ந்து அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே போக அவளுக்கு வழியில்லை. டிரைவர் ஒருதரம் ஹார்னைத் தொட்டுவிட்டு, தப்பு என்று கையை எடுத்துக்கொண்டான்.

"போதும்பா," என்றார் முனிரத்தினம். குரல் உடைந்திருந்தது. "நடுத்தெருவுல என் தம்பிய வெச்சிக்கினு கூத்தடிக்காதீங்க. அந்தப் பொண்ணுகிட்ட யாராச்சும் எட்த்து சொல்லுங்க. நான் இன்னா பகைக்கா கூப்புடறேன்? எனக்கும் அவன்தானேப்பா இருந்தான்."

அவர் சொன்னதில் பொய் இல்லை என்று மாரிசெல்விக்குத் தெரிந்தது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பந்தல் இருக்கிறது, பெட்டி இருக்கிறது, உட்காரப் பாய் விரித்திருப்பார்கள். கால் ஓய்ந்து போயிருந்தது. அந்த ஒரு வார்த்தை வாய்வரைக்கும் வந்தது.

அவள் மதிலைப் பிடித்து ஏறி உள்ளே குதித்தாள். குழாயடியில் சாத்தியிருந்த கடப்பாரையோடு படகின் மேல் ஏறி இந்தப் பக்கம் இறங்கினாள். இடது தூணில் கரண்ட் கம்பி இறங்குகிறது. அதைத் தொட முடியாது. வலது தூண்முன் போய் நின்றாள்.

"யக்கா, அதுல பேரு இருக்குக்கா," என்றான் சுடலைக்கண்ணு.

"பேரு எங்க போயிரப் போவுது? தள்ளு."

முதல் குத்தில் சுண்ணாம்புதான் உதிர்ந்தது. இரண்டாவதில் கடப்பாரை கையில் வழுக்கி மணிக்கட்டு சுளுக்கியது. அவள் நிறுத்தவில்லை. ஒவ்வொரு குத்துக்கும், "சக்கரத்தக் கழட்டுவீகளா, சக்கரத்தக் கழட்டுவீகளா" என்று சொல்லிக்கொண்டே குத்தினாள். சொல்வது தனக்கே கேட்டதா என்று தெரியவில்லை. தெருவில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். "சாவு வூட்ல தூண இடிக்கறாளே" என்று முனிரத்தினம் தலையில் கை வைத்துக்கொண்டார். கருங்கல் பெயர்ந்து மண்ணில் விழுந்தது. அதற்குமேல் நம்பிராஜன் பொறுக்கமாட்டாமல் கடப்பாரையை வாங்கிக்கொண்டான். பையன்கள் கையாலேயே செங்கல்லைப் பிடுங்கிப் போட்டார்கள்.

படகு வெளியே வந்து தெருவோரம் டயர்களின்மேல் உட்கார்ந்தது. அதன் வயிற்றில் ஒரு நீளமான கீறல். இந்தக் கீறலைப் பார்த்தால் ரகு என்ன குதி குதிப்பான் என்று அவளுக்குத் தோன்றியது. பார்க்கிறானோ என்று ஒருகணம் திரும்பிக்கூடப் பார்த்துவிட்டாள்.

ஸ்ட்ரெச்சர் செங்கல் குவியலைத் தாண்டி நேராக உள்ளே போனது. நடுவாசலில் பெஞ்சைப் போட்டு, தெற்கே தலைவைத்து ரகுவைக் கிடத்தினார்கள். தூக்கியவர்கள் கையை எடுத்ததும்தான் பார்த்தாள். வெள்ளைத் துணி முழுக்க நீல விரல்கள். தோளில், இடுப்பில், காலருகில் என்று கண்ட இடத்திலெல்லாம்.

"கையத் தொடச்சிட்டுத் தூக்கக்கூடாதாய்யா?" என்றாள். "வேற வெள்ளத்துணிக்கு நான் இப்பம் எங்க போவேன்?"

பையன்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். தின்னர் இல்லாமல் அது போகாது என்றான் ஒருவன் மெதுவாக. நம்பிராஜன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

அப்போது ஒரு மொபெட் செங்கல் குவியலுக்கு முன்னால் வந்து நின்றது. லேத்துக்காரர். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் கயிறு போட்டுக் கட்டின ஒரு சக்கரம். ஒரு காலை ஊன்றிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்க்காமலேயே கூவினார். "ரகு அண்ணே! சாரிண்ணே, காலைல இருந்து கரண்ட் இல்ல. நேத்தே முடிச்சி வெச்சிருந்தேன், போன்லயும் சார்ஜ் இல்ல. புது பேரிங், அடுத்த சீசன் வரைக்கும் தொட வேணாம்!"

அவர் இடிந்த தூணைப் பார்த்தார், தெருவில் நிற்கிற படகைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார். சக்கரத்தை அவிழ்க்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் கயிற்றில் கைவைத்தபடி நின்றுவிட்டார்.

மாரிசெல்விக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. வாய்விட்டுச் சிரித்தாள். கங்கா பயந்துபோய், "அம்மா" என்று வந்து தோளைப் பிடித்தாள். அதற்குள் சிரிப்பு வேறொன்றாக மாறிவிட்டது. ஆஸ்பத்திரியில் வராத அழுகை, வண்டியில் வராத அழுகை, பெஞ்சின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதாள். "போயிட்டீகளே, போயிட்டீகளே" என்பதைத் தவிர வேறு எதுவும் வரவில்லை. கங்கா அவள் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டாள். லேத்துக்காரர் சக்கரங்களைச் சத்தமில்லாமல் இறக்கி மதிலோரம் சாய்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு வந்து ரகுவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

அழுது ஓய்ந்தபோது வெயில் உறைத்தது. இத்தனை மாதமாகப் படகு நின்ற வாசலில் இப்போது மறைப்பு எதுவும் இல்லை. மேற்கிலிருந்து வெயில் நேராக ரகுவின் முகத்தில் அடித்தது. முகூர்த்த நாள் என்பதால் ஷாமியானாக்காரன் நாளைக்குத்தான் என்று கைவிரித்துவிட்டான். மாரிசெல்வி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, படகைப் போர்த்தி வைக்கும் பச்சைத் தார்ப்பாயை இழுத்துவந்தாள். நம்பிராஜன் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டினான், ஒன்றைக் கொய்யா மரத்தில், ஒன்றை இடது தூணில். நாலாவது முனையின் கயிறு அவள் கையில் இருந்தது. கட்டுவதற்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. அங்கேதான் வலது தூண் இருந்தது.

"ஒரு கம்பு பாத்துட்டு வாரேன்," என்று நம்பிராஜன் வீட்டுக்குப் பின்பக்கம் போனான்.

அவள் கயிறும் கையுமாக நின்றாள். நிமிர்ந்தபோது எதிரே முனிரத்தினம் இருந்தார். செங்கல் குவியலுக்கு அந்தப் பக்கம், தெருவில், கையில் மாலையோடு. அவரோடு யாரும் வரவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டிருந்தார். அதற்குமேல் கால் எடுத்து வைக்கவில்லை. பார்வை தம்பியின் மேலேயே இருந்தது.

சாவு வீட்டில் யாரையும் வாங்க என்று சொல்லக் கூடாது. வருகிறவர்கள் தானாக வருவார்கள், தானாகப் போவார்கள். இத்தனை வருஷம் கூப்பிட்டால் வருகிறேன் என்று இருந்த மனிதர், கூப்பிடவே முடியாத நாளில் வந்து நிற்கிறார். அதுவும் அவருக்குத் தெரியும். தெரிந்தும் கால் வரவில்லை. மாலையிலிருந்து ஒவ்வொரு இதழாக உதிர்ந்துகொண்டிருந்தது. தெருவில் எல்லோரும் வேறெங்கோ பார்ப்பதுபோல் நின்றார்கள்.

போகட்டும் என்று விட்டுவிட அவளுக்கு உரிமை இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே விட்டும் பார்த்தாள்.

"மாமா," என்றாள். "இதக் கொஞ்சம் புடிங்க."

கயிற்றை நீட்டினாள். அவர் ஒருகணம் புரியாமல் பார்த்தார். பிறகு மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு, செங்கல் குவியலில் கால் வைத்து, தடுமாறி, உள்ளே வந்து கயிற்றை வாங்கிக்கொண்டார். தூண் இருந்த இடத்தில் நின்று இழுத்துப் பிடித்தார். தார்ப்பாய் மேலே எழும்பியது.

"போதுமாம்மா?" என்றார், அவளைப் பார்த்து.

"இன்னும் கொஞ்சம்."

அவர் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு பின்னால் சாய்ந்து இழுத்தார். நிழல் பெஞ்சில் நகர்ந்து ரகுவின் நெற்றிக்கு வந்தது, பிறகு கண்ணுக்கு வந்தது.